ட்ரான்ஸ்பாண்டர் பழுதானால் திருச்சிக்குள் விடுவார்களா?

வல்லத்துக்காரன்:
வீடு வல்லம் பக்கம். சாயங்காலம் மாடிக்குப் போனால் திருச்சியில் இறங்கப் போகிற விமானங்களை மொபைல் ஆப்பில் பார்ப்பது வழக்கம், உயரம், வேகம் எல்லாம் வரும். ஆனால் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோய் போர் விமானம் காது கிழிகிற மாதிரி போகும்போது ஆப்பில் ஒன்றுமே இருக்காது. சரி, அது ராணுவம். என் கேள்வி வேறு. ஒரு சின்ன விமானம் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்கு வருகிறது, வழியிலேயே ட்ரான்ஸ்பாண்டர், அதாவது ரேடார் கேட்டால் பதில் சொல்கிற கருவி, செத்துவிட்டது. உள்ளே விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா, இல்லை சுகோய் துரத்துமா? பைலட் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிற சித்தப்பா பையன் "ரேடியோ வேலை செய்தால் போதும்ணே" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆன்டெனா பைத்தியம்:
முதலில் ஒன்று, ஆப்பில் தெரியவில்லை என்பதால் ட்ரான்ஸ்பாண்டர் இல்லை என்று ஆகாது. ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், விமானம் 1090-ல் பதில் சொல்லும். ஆப் பெரும்பாலும் பிடிப்பது அதே 1090-ல் விமானம் தானாக ஒலிபரப்புகிற ஏடிஎஸ்-பி தகவலை. அந்த வசதி இல்லாத பழைய கருவியும் ரேடாருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், உங்கள் ஆப்புக்கு மட்டும் தெரியாது.

பழைய டவர்:
தம்பி, உங்கள் சித்தப்பா பையன் சொல்வது பாதி சரி. பறக்கும்போது பழுதானால் உடனே ரேடியோவில் சொல்ல வேண்டும். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துகிற கன்ட்ரோலர் முதலில் கருவியை அணைத்துப் போடச் சொல்வார், அதில் வைக்கிற அடையாள எண்ணை மறுபடி வைக்கச் சொல்வார். அப்படியும் வரவில்லை என்றால் எங்கே இருக்கிறீர்கள், எத்தனை அடி என்று வாயால் சொல்லச் சொல்லி, மற்ற விமானங்களிடமிருந்து நேரத்தாலும் உயரத்தாலும் பிரித்து வைத்து, முடிந்தவரை போகிற ஊருக்கே கொண்டுவந்து சேர்ப்பார். நெரிசல் இருந்தால் வெளியே சுற்றச் சொல்வார், அதற்குக் கோபித்துக்கொள்ள முடியாது. தரையில் இருக்கும்போதே பழுது என்று தெரிந்தால் கதை வேறு, சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அங்கே சரிசெய்ய வழி இல்லையென்றால் பழுது பார்க்கும் இடத்துக்குப் போக முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நுழைவதுதான் குற்றம்.

வாய்ச்சொல் மட்டும் போதாது என்பதற்கு உதாரணம், 1996 நவம்பர் 12, டெல்லி பக்கம் சர்க்கி தாத்ரியில் நடந்த விமான மோதல். அன்றைக்கு டெல்லியில் இருந்தது பிரைமரி ரேடார் மட்டும்தான், புள்ளி தெரியும், உயரம் தெரியாது. 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000-ல் ஏறி வந்த சவுதி விமானத்தில் மோதியது. 349 பேர் போய்விட்டார்கள். ட்ரான்ஸ்பாண்டர் இருந்தும், அது சொல்கிற உயரத்தைப் படிக்கிற ரேடார் கீழே இல்லை.

சுகோய் விஷயம்: இங்கே விமானத்துக்கு ஏர் டிஃபன்ஸ் கிளியரன்ஸ் என்று ஒரு நம்பர் வாங்கித்தான் கிளம்புவார்கள். இன்னார் வருகிறார் என்று விமானப்படைக்கு ஏற்கெனவே தெரியும். கருவி செத்ததற்காக யாரும் துரத்த மாட்டார்கள், ரேடியோவிலும் பதில் சொல்லாமல் வந்தால்தான் வம்பு.

அரிசோனா மாப்பிள்ளை:
நான் பாபநாசம், பயிற்சி அமெரிக்காவில். இங்கே இதற்கு விதி 91.215. பெரிய ஏர்போர்ட்டைச் சுற்றி 30 நாட்டிகல் மைல், 10,000 அடிக்கு மேலே, கிளாஸ் பி, சி என்று பிரித்திருக்கிற வான்வெளிப் பகுதிகள், எல்லாவற்றுக்கும் உயரம் சொல்கிற ட்ரான்ஸ்பாண்டர் வேண்டும். பழுதாகிவிட்டது என்றால் விலக்கு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், பறந்துகொண்டே கூட. கருவியே இல்லாத விமானம் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் கன்ட்ரோலர் இஷ்டம். இது அமெரிக்க விதி, திருச்சியில் போய் எடுத்துவிடாதீர்கள்.

வல்லத்துக்காரன்:
நன்றி சார். கன்ட்ரோலர் பார்த்துக்கொள்வார், சரி. பக்கத்தில் வருகிற பெரிய விமானத்துக்குத் தெரியுமா?

பழைய டவர்:
அதுதான் இதில் பெரிய ஆபத்து. டிகாஸ் என்கிற மோதல் தடுப்புக் கருவி எதிரே வருகிற விமானத்தின் ட்ரான்ஸ்பாண்டரைத்தான் கேட்கும், பதில் வராவிட்டால் அதற்கு அங்கே விமானமே கிடையாது. 2006 செப்டம்பரில் பிரேசிலில் ஒரு சின்ன ஜெட்டின் ட்ரான்ஸ்பாண்டர் ஓடாமல் இருந்தது, எதிரே வந்த போயிங்குடன் ஒரே உயரத்தில் உரசியது. இரண்டிலும் டிகாஸ் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் போய்விட்டார்கள், ஜெட் மட்டும் தப்பி இறங்கியது.

சித்தப்பா பையனிடம் இதையும் சொல்லுங்கள், பழுது என்று நினைப்பதில் பல நேரம் குமிழ் ஸ்டாண்ட்பையில், அதாவது பதில் சொல்லாத நிலையில், கிடக்கும், அவ்வளவுதான். ரேடியோவில் சொல்லும் முன் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.