பால்கனியில் ஒரு திண்ணை: மெல்போர்னுக்குப் புதிதாக வந்த நம் ஊர்க்காரர்களுக்கு

புதிதாக வீடு எடுத்தவர்கள் சின்ன பால்கனியை எப்படி அலங்கரிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம், இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. முதலில் நாலு பேர் உட்கார இடம் பண்ணுங்கள், அலங்காரம் அப்புறம். நம் ஊர்த் திண்ணையில் என்ன இருக்கிறது? சாய ஒரு தூண், காலை மடக்கி உட்கார வழவழப்பான தரை, வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர், அதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும்.

வீடு பார்க்கும்போதே வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், அதனால் வடக்குப் பார்த்த பால்கனிக்குத்தான் குளிர்காலத்திலும் வெயில் கிடைக்கும், தெற்குப் பார்த்ததில் ஜூன், ஜூலையில் துணிகூடச் சரியாகக் காயாது. லண்டன், டொரண்டோ போனவர்களுக்கு இது தலைகீழ். ஆடிப்பெருக்குக்கு ஆட்களைக் கூப்பிட்டு வெளியே கலந்த சாதம் போடலாம் என்று ஆசைப்படாதீர்கள், அது நடுங்குகிற காலம். பொங்கலுக்குக் கூப்பிடுங்கள், அப்போது இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பெஞ்சைச் சுவரை ஒட்டித்தான் போட வேண்டும். கம்பி ஓரமாகப் போட்டால் வேடிக்கை பார்க்க வசதிதான், ஆனால் வருகிற வீட்டுக் குழந்தை அதில் ஏறி எட்டிப் பார்க்கும், நாம் காபி ஆற்றுகிற நேரம் போதும். பெரிய தொட்டியையும் கம்பி ஓரம் வைக்காதீர்கள். கைப்பிடிமேல் சின்னத் தொட்டி வைப்பது வேண்டவே வேண்டாம், இந்த ஊர்க் காற்று தள்ளிவிடும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். என் முதல் வீட்டில் தரை ஓட்டில் கறை படிந்து, காலி செய்யும்போது பாண்டு பணத்தில் (வாடகை வீட்டுக்குக் கட்டும் முன்பணம்) ஒரு பகுதி போய்விட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. ஆணி அடிப்பதற்கு முன்னாலும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கோலத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம், அரிசி மாவுதானே.

ஊரிலிருந்து செடி, மண், விதை எதையும் பெட்டியில் கொண்டுவராதீர்கள். கோரைப்பாய் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம். அந்தப் பாயை வெளியிலேயே போட்டு வைத்தால் மழையில் பூஞ்சை பிடிக்கும், ஆள் வரும்போது மட்டும் விரியுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே சோலார் சரவிளக்கு போதும்.

கரி அடுப்பு வைக்கப் பல கட்டடங்களில் விடமாட்டார்கள், கோடையில் தீத்தடை அறிவிக்கும் நாட்களில் எங்கேயும் கூடாது. பாட்டுச் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இருந்தால் வெள்ளி, சனி இரவு 11 மணிக்கும் மற்ற நாட்களில் 10 மணிக்கும் நிறுத்திவிட வேண்டும்.

கறிவேப்பிலைக் கன்று வேண்டுகிறவர்கள் கேளுங்கள், என் தொட்டியில் இரண்டு பக்கக்கன்று வந்திருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதை வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் வைக்கத் தயாரென்றால் தருகிறேன்.