வெளியூரில் இருந்தபடி வேலூரில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது: அனுபவப் பகிர்வு

காட்பாடிக்காரர்:

வீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி யாருக்கு விடப்போறோம்னு முடிவு பண்ணிக்குங்க. வேலூரில் குடிவர்றவங்க மூணு தினுசு. வி.ஐ.டி. பசங்க காட்பாடி, பிரம்மபுரம் பக்கம். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வர்ற குடும்பங்கள் தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை, காந்தி ரோடு சுத்தி. மாசச் சம்பளக்காரங்க சத்துவாச்சாரி, ரங்காபுரம், பாகாயம்.

பசங்களுக்கு விட்டா தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு, வாடகை கூட வரும். ஆனா கோடை லீவுல காலி. அந்த மாசங்களுக்கும் வாடகை உண்டா இல்லையான்னு ஒப்பந்தத்துல எழுதலைன்னா தகராறு நிச்சயம். நோயாளிக் குடும்பங்களுக்கு நாள் வாடகை, வார வாடகைக்கு விடுறது வீட்டு வாடகையே கிடையாது, அது லாட்ஜ் தொழில். ஈ.பி. கட்டணப் பிரிவு மாறும், மாநகராட்சி உரிமம் கேட்பாங்க. வங்கதேசத்திலிருந்து வந்து தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டவர் பதிவு ஆன்லைன்ல போடணும். சென்னையில உக்காந்துக்கிட்டு இதெல்லாம் நடத்த முடியாது. தூரத்துல இருக்கிறவருக்கு ஏத்தது மூணாவது தினுசுதான்.

அடுத்து கணக்கு. 45 லட்சத்துல ஒரு தனி வீடு, மாச வாடகை 11,000ன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 1,32,000. ஒரு மாசம் காலின்னு 11,000, வீட்டைப் பார்த்துக்கிறவருக்கு மாசம் 1,000 வீதம் 12,000, சொத்து வரி 4,000, பெயின்ட், பிளம்பிங் 15,000 கழிச்சா மிச்சம் 90,000. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் சேர்த்தா போட்ட காசு 49 லட்சம் தாண்டும். இரண்டு சதவீதம்கூட நிக்கலை. வாடகைக்காகவே வாங்குறவங்க புதுத் தனி வீட்டை விட்டுட்டு, கீழே மேலே ரெண்டு மூணு சின்ன போர்ஷன் இருக்கிற பழைய கட்டடத்தைத் தேடணும். ஒண்ணு காலியானாலும் மத்தது ஓடும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈ.பி. மீட்டர் இருக்கணும். ஒரே மீட்டர்னா யூனிட் கூடி மேல் ஸ்லாபுக்குப் போயிடும், அந்தச் சண்டை உங்க போனுக்குத்தான் வரும்.

சத்துவாச்சாரி ஃபேஸ் 2:

பத்திரம் பார்க்கிறதுல பாதி வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம். வில்லங்கச் சான்று (சொத்து மேல நடந்த பதிவுகளோட பட்டியல்) 30 வருஷத்துக்கு எடுங்க. பட்டா, நில அளவை வரைபடம் ரெண்டும் ஆன்லைன்லயே கிடைக்கும். பட்டாவுல விற்கிறவர் பேர் இருக்கா, பத்திரத்துல இருக்கிற நாலு எல்லையும் தரையில இருக்கிறதும் ஒத்துப்போகுதா, இது ரெண்டும்தான் முக்கியம். அங்கீகாரமில்லாத மனைன்னா 20-10-2016க்கு முன்னாடி பதிவானதா, வரன்முறை ஆணை (அந்த மனையை அரசு முறைப்படுத்தித் தர்ற ஆணை) வாங்கியாச்சான்னு கேளுங்க. ‘வாங்கிடலாம் சார்’னு பதில் வந்தா, விற்கிறவர் செலவுல வாங்கின பிறகு பேசலாம்னு சொல்லிடுங்க.

நேர்ல வர்றதா இருந்தா மழைக்காலத்துல வாங்க. 2021 நவம்பர் பாலாத்து வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்ததுன்னு அந்தத் தெரு டீக்கடையில கேட்டா போதும். புரோக்கர்கிட்ட கேட்காதீங்க.

வெளிநாட்டுல இருக்கிறவங்க விவசாய நிலம் வாங்க சட்டத்துல இடமில்லை. ‘ஃபார்ம் ஹவுஸ்’னு பேர் மாத்திச் சொன்னாலும் அதே கதைதான்.

ஆற்காடு ரோடு:

எல்லாரும் பயப்படுற விஷயம் வாடகை வராம போறது. அதைவிட மோசமானது வாடகை மாசாமாசம் சரியா வர்றதுதான். சாவியை வச்சிருக்கிற ஆள், வீட்டை உங்களுக்குத் தெரியாம 5 லட்சத்துக்குப் போக்கியம் (மாச வாடகை இல்லாம, மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு குடிவைக்கிறது) விட்டுட்டு, அந்தக் காசுலயே உங்களுக்கு மாசம் 10,000 அனுப்புவார். ஒரு நாள் பணம் நிக்கும், போன் ஸ்விட்ச் ஆஃப். உள்ளே இருக்கிற குடும்பம் ‘எங்க அஞ்சு லட்சத்தைக் குடுங்க, காலி பண்றோம்’னு நிக்கும். அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது.

தடுக்க வழி சுலபம். ஒப்பந்தத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க. வாடகையும் அட்வான்ஸும் குடியிருக்கிறவர் கணக்கிலிருந்து நேரா உங்க கணக்குக்கு வரணும். வாடகை வசூல், ஒப்பந்தம் ரெண்டும் அடங்கின பவர் பத்திரத்தைப் பார்த்துக்கிறவருக்கு எழுதித் தராதீங்க. ரிப்பேருக்கு ஆள் கூப்பிட ஒரு அதிகாரக் கடிதம் போதும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குடியிருக்கிறவர்கிட்ட வீடியோ கால்ல பேசிடுங்க.

2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, 11 மாசமானாலும் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு எண் வாங்கணும். நம்ம ஊர்ல பாதிப்பேர் செய்யறதில்லை. பதியாத ஒப்பந்தத்தை வச்சுக்கிட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போனா சிக்கல்தான். அட்வான்ஸ் மூணு மாச வாடகையோட நிறுத்திக்கிறது நல்லது, சட்டமும் அந்த அளவைத்தான் சொல்லுது.

ராணிப்பேட்டை கணக்கர்:

ஒரே ஒரு சேர்க்கை. வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்)ன்னா, வாடகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் குடியிருக்கிறவர் 31.2 சதவீதம் வரி பிடிச்சுக் கட்டணும். அதுக்கு அவர் டான் எண் (வரி பிடிச்சுக் கட்டுறவருக்கான எண்) வாங்கணும். இதைக் கேட்டதும் ஓடிடுவாங்க. வீட்டுக்காரர் முன்கூட்டியே வருமான வரித்துறையில குறைந்த பிடித்தச் சான்று (குறைவா வரி பிடிச்சா போதும்ங்கிற சான்று) வாங்கி வச்சுக்கிட்டா பேச்சு சுலபம். வாடகை வழக்கமா என்.ஆர்.ஓ. கணக்குக்கு (என்.ஆர்.ஐ.யோட இந்திய வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வரும்.

பாகாயம் பிளம்பர்:

பத்திரம், வரியெல்லாம் ஒரு தடவை தலைவலி. தண்ணி வருஷம் பூரா. ஏப்ரல், மே மாசம் ‘மோட்டார் ஓடலை’னு போன் வந்ததும் போர்ல இருந்து மோட்டாரை வெளியே தூக்கச் சொல்லிடாதீங்க. தூக்கி இறக்கவே கூலி போயிடும். சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் (போர் தண்ணிக்குள்ள இறக்குற மோட்டார்)னா முதல்ல ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்க. பட்டனை அழுத்தினா முனகிட்டு ட்ரிப் ஆகுதா? பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், சில நூறு ரூபாயில முடியும். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை, ஆம்பியரும் வழக்கத்தைவிடக் கம்மின்னா பெரும்பாலும் போர்ல நீர்மட்டம் இறங்கியிருக்கும். அப்படியே ஓடவிட்டா மோட்டார் கருகிடும். ஆம்பியர் எகிறுதுன்னா வோல்டேஜ் குறைவு, அல்லது மணல் ஏறி இறுகியிருக்கு.

இதெல்லாம் போன்லயே சொல்லணும்னா, மோட்டார் நல்லா ஓடுறப்ப ஆம்பியர் மீட்டர் முள் எங்கே நிக்குதுன்னு வீட்டை ஒப்படைக்கிற அன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. போர் ஆழம், மோட்டார் எத்தனை அடியில இறக்கியிருக்கு, எத்தனை ஹெச்.பி., இந்த மூணையும் ஸ்டார்ட்டர் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதிடுங்க. பில்லு தொலைஞ்சாலும் அது இருக்கும்.

போர் தண்ணி உப்பு. கீஸர் காயில்ல உப்பு ஏடு கட்டும், ஃப்ளஷ் டேங்க் வால்வு அடைச்சு ராத்திரி பூரா ஒழுகும். வாடகை வீட்டுக்கு கீஸர் வச்சுத் தர்றதைவிட அதுக்கான பாயின்ட் மட்டும் வச்சுத் தர்றது புத்திசாலித்தனம்.