எங்கள் பக்கத்தில் ‘லைன்’ என்றால்

கொருக்குப்பேட்டையிலிருந்து:

எங்களுடையது வடசென்னையில் ஒரு லைன் வீடு. இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக ஏழெட்டு வீடு, முன்னால் ஒரு ஆள் நடக்கிற சந்து, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குளியலறையும் கக்கூஸும், முனையில் ஒரு அடிபம்பு. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நம் வீட்டிலிருந்தே எண்ணலாம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் போய் இரண்டாவது நாள். நான் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் ஆயாவும் (எங்கள் பாட்டி) தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேரும்தான். ஆயாவே புகார் எண்ணுக்குப் போன் பண்ணியிருக்கிறது.

“எந்த லைன்மா போச்சு?”

“நாலாவது லைன் சார், கடைசி வூடு.”

அவர் கேட்டது கம்பத்திலிருந்து வரும் கம்பியை. ஆயா சொன்னது எங்கள் வரிசையை. அவர் பொறுமையான மனிதர். “ஒயர் ஏதாவது அறுந்து கெடக்குதா? சரி, லைன்லயே இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்” என்றிருக்கிறார். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஆயாவுக்குப் புரிந்தது இதுதான்: ஒயர் அறுந்து கிடக்கலாம், லைனை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. பிள்ளைகளைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு ராத்திரி வரைக்கும் காவல் உட்கார்ந்திருந்தது. பால் வாங்கக் கிளம்பிய எதிர்வீட்டுப் பையனையும் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், சந்து முனையில் நிஜமாகவே ஒரு ஒயர் தரை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நடுங்குகிறது. அந்த ஒரு வார்த்தை ஆயா காதில் அப்படி விழுந்ததே, அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்களுக்கும் ‘லைன்’ இப்படி மாறி விழுந்திருந்தால் எழுதுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவருக்கு லைன் என்றால் தண்டவாளம், அவ்வளவுதான். ‘லைன் கிளியர்’ என்பது அவர் வாயில் தினமும் வரும் வார்த்தை. அடுத்த ஸ்டேஷன்காரர் “பாதை காலி, வண்டியை விடு” என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும். ஒற்றைத் தடத்தில் அதற்கு அடையாளமாக ஒரு உலோக உருண்டையைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி டிரைவர் கையில் கொடுத்த காலத்தை அவர் பார்த்திருக்கிறார்.

அக்காவுக்கு வரன் பேச வந்தார்கள். எங்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. “மொதல்ல பொண்ணு லைன் கிளியர் குடுக்கட்டும்” என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார் அப்பா. தரகர் போய் மாப்பிள்ளை வீட்டில் சொன்னதோ, “பொண்ணுக்கு ஏதோ லைன் இருக்காம், அது கிளியர் ஆவணுமாம்!” மூன்று நாள் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா நேரில் போய், சிக்னலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தார். அக்கா சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றினோம். பெண்ணைக் கேட்காமல் எதுவும் நகரக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார்.

காசிமேட்டிலிருந்து:

எங்களுக்கு லைன் கடலில் இருக்கிறது. நீளமான ஒரு கயிறு, அதிலிருந்து இடைவெளி விட்டுத் தொங்கும் நூற்றுக்கணக்கான தூண்டில் முள். மீன்வளப் பயிற்சிக்கு வந்தவர் ‘லாங் லைன்’ என்று எழுதிப் போட்டார். தூண்டிலைத்தான் சொல்கிறார் என்று தெரிய எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, கையால் சைகை காட்டியதுமே சிரித்துவிட்டார்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் பிளவுஸ் தைக்கிறேன். “லைனிங் வைக்கணுமாக்கா?” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பேன். போன மாதம் என் பொண்ணு அகராதியைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னாள்: லைன், லைனிங் இரண்டுமே ஆளிச்செடி நாருக்கான பழைய பெயரிலிருந்து வந்தவையாம். அந்த நாரில் திரித்த நூல் லைன் ஆயிற்று. அந்த நாரில் நெய்த லினன் துணியை உடுப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைத்ததால் லைனிங் ஆயிற்று. இத்தனை வருஷமாக இரண்டையும் கையில் பிடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

இன்னொன்று. இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரு பாட்டி என்னிடம் துணி கொடுப்பார். தேயிலைத் தோட்டத்தில் அவர் பிறந்த வீட்டை ‘லயம்’ என்பார். அதுவும் இதே லைன் வீடுதான், பேர்தான் தமிழ் வாயில் தேய்ந்திருக்கிறது.

மறுபடியும் கொருக்குப்பேட்டையிலிருந்து:

ராயபுரத்துக்காரர் எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எங்க காலத்துல தெனமும் காலையில அதானே” என்றது. பொதுக் குளியலறையிலிருந்து வெளியே வருகிறவர், வரிசையில் வாளியோடு நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி சந்து முழுக்கக் குரல் கொடுப்பாராம்: “லைன் கிளியர்!”