கமினோ பிரான்சேஸ்: காரியோன் – கல்சதியா 17 கி.மீ., நடுவில் ஊரே கிடையாதா?

கேள்வி – வழித்துணை

ஸ்பெயினில் சந்தியாகோ வரை போகும் யாத்திரைப் பாதையான கமினோ பிரான்சேஸில், ஜூன் கடைசியில் அம்மாவோடு (62 வயது, தினமும் நடப்பவர்) புர்கோஸிலிருந்து லியோன் வரை நடக்கத் திட்டம். காரியோன் தே லோஸ் கோந்தேஸ் தாண்டினால் கல்சதியா தே லா குவேசா வரை கடை, குழாய், நிழல் எதுவும் இல்லை என்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கணும்? எப்போது கிளம்புவது, எங்கே தங்குவது? சமதளம்தானே, கால் தாங்கிவிடும் இல்லையா?

பதில் – மெசெட்டாக்காரன்

ஆளுக்கு 2 லிட்டர். கோடையில் வழியில் சில நாள் ஒரு வண்டிக்கடை நிற்கும், ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். முதல் நாள் மாலையே காரியோனில் நிரப்பி வையுங்கள். ரொட்டி, சீஸ், உப்புப் போட்ட கொட்டைகளையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மறுநாள் விடியும் முன்னால் கடை திறக்காது. ஞாயிறு காரியோன் போய்ச் சேர்வதாக இருந்தால் சனிக்கிழமையே வாங்கியாகணும்.

காலை 6 மணிக்குக் கிளம்பலாம். அங்கே ஜூனில் சூரியன் உதிப்பதே 6.45 வாக்கில்தான். ஸ்பெயின் கடிகாரம் சூரியனைவிட வெகுவாக முந்தி ஓடுகிறது: உச்சிவெயில் மதியம் 2.20க்கு, உண்மையான சூடு மாலை 5ஐ ஒட்டி. அதனால் 10.30க்குக் கல்சதியா சேரும்போது இன்னும் இளவெயில்தான்.

அங்கே ஒரு சிக்கல். அல்பெர்கேக்கள் (யாத்ரீகர் விடுதிகள்) பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கதவு திறக்கும். அம்மா தெம்பாக இருந்தால் காபி குடித்துவிட்டு இன்னும் 6 கி.மீ. நடந்து லெதிகோஸ் போய்விடுங்கள். அடுத்த 3 கி.மீ. தள்ளித் தெர்ரதியோஸ். மொத்தம் 26 சொச்சம், அது அம்மாவுக்கு அதிகம் என்பது என் எண்ணம்.

பதில் – செம்மண்பாதை

"சமதளம்தானே" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏற்ற இறக்கம் இருந்தால் பாதத்தில் பாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கே 17 கி.மீ.யும் ஒரே அடி, ஒரே இடத்தில் உரசல். ஊரை விட்டதும் ஆற்றைக் கடந்து, சான் சோய்லோ மடத்தைத் தாண்டி, முதல் ஒரு மணி நேரம் தார் ரோடு. அதற்கப்புறம் பழைய ரோமானியச் சாலை, கோடு போட்ட மாதிரி நேராகப் போகும் சரளைப் பாதை. உருளைக் கல் மெல்லிய அடித்தோல் ஷூவில் நேராகக் குத்தும். ஷூ வழக்கத்தைவிட அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், சூட்டில் பாதம் வீங்கும்.

5 கி.மீ.க்கு ஒரு முறை உட்கார்ந்து ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்றி ஆறவிடுங்கள். எங்காவது சூடாக, எரிச்சலாகத் தெரிந்தால் அந்த நிமிடமே டேப் ஒட்டணும், அடுத்த ஊர் வரட்டும் என்று தள்ளிப் போட்டால் கொப்புளம்தான். வந்துவிட்டால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள், தோலை உரிக்காதீர்கள். நூல் கோத்து உள்ளே விடும் பழக்கம் வேண்டாம், அழுக்கு உள்ளே போக அதுவே வழி.

பதில் – நிழல்தேடி

2 லிட்டர் என்றால் 2 கிலோ. 6 மணிக்குக் கிளம்புகிறவருக்கு ஒன்றரை போதும் என்பேன். அம்மாவுக்கு ஒன்றரை வைத்து, கூடுதலை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.

மேற்கு நோக்கி நடப்பதால் காலை முழுக்க வெயில் முதுகுப்பக்கம். தொப்பிக்கு முன்விளிம்பு மட்டும் இருந்தால் பயனில்லை, பின்கழுத்தை மறைக்கணும். கெண்டைக்காலுக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

கடைசி 2 கி.மீ. மனசைச் சோதிக்கும். கல்சதியா பள்ளத்தில் இருப்பதால் கிட்டே போகும்வரை ஊரே கண்ணில் படாது. வழி தப்பிவிட்டோமோ என்று அம்மா கேட்பார், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

வழித்துணை

நன்றி. பையை வண்டியில் அனுப்பலாமா? கிரெடென்சியாலில் (யாத்ரீகர் அட்டை) முத்திரை தினம் இரண்டு வாங்கணுமா?

பதில் – மெசெட்டாக்காரன்

இரண்டு முத்திரை விதி சந்தியாகோ வரை நடந்து சான்றிதழ் வாங்குகிறவர்களுக்குத்தான். நீங்கள் லியோனோடு நிறுத்துவதால் தங்குமிடத்தில் ஒன்று போதும்.

பை அனுப்பலாம். ஆனால் நகராட்சி, தேவாலய அல்பெர்கேக்கள் பல வண்டியில் வரும் பையை வாங்குவதில்லை. தனியார் இடத்தில் முன்பதிவு செய்து, அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். தண்ணீர், டேப், மருந்து, கிரெடென்சியால், பாஸ்போர்ட் மட்டும் சின்னப் பையில் கூடவே இருக்கட்டும்.