சர்வ் படத்தில் பந்து எங்கே போகிறது? டென்னிஸ் படம் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூணாவது வரிசை:
நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், பகல் மேட்ச், நல்ல வெயில். லென்ஸ் திறப்பு எஃப்/4, ஷட்டர் ஸ்பீடு 1/3200 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200. வினாடிக்கு 10 படம். சர்வ் மட்டும் நாற்பது பர்ஸ்ட் (விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுத்த படவரிசை) இருக்கு. ஆள் ஷார்ப், கண் ஷார்ப், மட்டையின் நரம்பைக்கூட எண்ணலாம். பந்து மட்டும் இல்லை! ஒரு பர்ஸ்ட் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது: ஒரு படத்தில் பந்து மேலே தொங்குது, மட்டை முதுகுக்குப் பின்னால் இருக்கு. அடுத்த படத்தில் மட்டை இடுப்புக்குக் கீழே வந்தாச்சு, பந்து ஃபிரேமை விட்டே போயாச்சு. நடுவில் நடந்தது எதிலும் இல்லை. இன்னும் வேகமான கேமரா வாங்கினால்தான் கிடைக்குமா?

நெட்போஸ்ட்:
கேமரா மேல் தப்பில்லை, கணக்கைப் பாருங்க. மணிக்கு 180 கிலோமீட்டர் சர்வ் என்றால் வினாடிக்கு 50 மீட்டர். வினாடிக்கு 10 படம் என்றால் இரண்டு படத்துக்கு நடுவே பந்து 5 மீட்டர் போயிருக்கும். பந்து நரம்பில் ஒட்டியிருப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். பர்ஸ்ட்டை நம்பி விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் இருபதில் ஒரு தடவை அந்தக் கணம் மாட்டும். வேகத்தை 20 ஆக்கினாலும் பத்தில் ஒன்றுதான்.

அதனால் பர்ஸ்ட்டின் முதல் படமே அடிபடும் படமாக இருக்கணும். மட்டை மோதும் "டப்" சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதம். கண் பார்த்து விரல் அசையவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகிவிடும். சர்வில் பந்தைப் பார்க்காதீங்க, பந்தைத் தூக்கிப் போட்ட கையைப் பாருங்க. அந்தக் கை மடங்கி இறங்கத் தொடங்கி, மட்டை முதுகுப் பக்கம் விழும்போது அழுத்தணும். ஃபோர்ஹேண்டுக்கு (மட்டை பிடித்த கைப் பக்கமே வரும் பந்தை அடிப்பது), பந்து தரையில் குத்தியதும் தயாராகி, மட்டை முன்னே கிளம்பும்போது அழுத்தணும். மூன்று நான்கு படத்தோடு விரலை எடுத்துடுங்க. நீளமாக அழுத்தினால் பஃபர் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) நிரம்பி, அடுத்த ஷாட்டுக்குக் கேமரா நகராது.

சைலண்ட் ஷட்டரில் 20 படம் வரும் கேமரா கையில் இருந்தால் அதையும் முயற்சி பண்ணுங்க.

சரிந்த மட்டை:
கடைசி வரியை மட்டும் ஏற்க முடியாது. சைலண்ட் ஷட்டரில் வந்த ஒரு ஃபோர்ஹேண்ட் படம் இன்னும் உறுத்துது. முகம், கண், நரம்பில் அமுங்கிய பந்து எல்லாமே இருக்கு. மட்டை மட்டும் கழுத்திலேயே வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. எந்த எடிட்டிங்கிலும் அதை நிமிர்த்த முடியாது.

சைலண்ட் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர், அது சென்சாரை வரிவரியாகப் படிக்கும். சாதாரண கேமராவில் மேலிருந்து கீழ்வரை படிக்க 1/30 வினாடி ஆகுதுன்னு வெச்சுக்கங்க. வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் சுற்றும் மட்டைத் தலை அதற்குள் ஒரு மீட்டர் நகர்ந்துடும். 1/4000 வைத்தாலும் வளைவு போகாது, ஏன்னா அது வரியின் பிரச்சினை, ஷட்டர் ஸ்பீடின் பிரச்சினை இல்லை. பின்னால் எல்இடி விளம்பரப் பலகை இருந்தால் அதில் பட்டை பட்டையாகக் கோடும் விழும். ஸ்டாக்டு சென்சார் (வரிகளை மிக வேகமாகப் படிப்பது) கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் சைலண்டுக்கும் ஒரு இடம் உண்டு. சர்வுக்கு முன் பந்தைத் தூக்கிப் போட்டு, கை மேலே நீண்டு, மட்டை தலைக்குப் பின்னால் நிற்கும் அந்த நிலை. அப்போ மட்டை கிட்டத்தட்ட அசையாது, வளைவு தெரியாது. அரங்கமே மூச்சை அடக்கியிருக்கும் நேரத்தில் "டக்டக்" சத்தம் ஆட்டக்காரரின் காதில் விழவும் கூடாது. சின்ன கோர்ட்டில், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது இது ரொம்ப முக்கியம். அடிபடும் கணத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

200க்கு மேல்:
பந்து கிடைச்சும் தோத்த படம் ஒண்ணு. நெட் கம்பத்துக்குப் பக்கத்திலிருந்து, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 200 எம்எம், நெட்டுக்குத்து. முகம் பிரமாதம், நெற்றி வியர்வை தெரியுது. மணிக்கட்டுக்கு மேல் ஒண்ணுமில்லை. மட்டையும் பந்தும் ஃபிரேமுக்கு வெளியே.

அங்கிருந்து பேஸ்லைன் (கோர்ட்டின் கடைசிக் கோடு) சுமார் 13 மீட்டர். 200 எம்எம்-ல் ஃபிரேமின் உயரம் அந்தத் தூரத்தில் 2.3 மீட்டர்தான். சர்வ் அடிபடுவதோ தரையிலிருந்து 2.7, 2.8 மீட்டரில். 150-க்கு இறக்கினால் 3.1 மீட்டர் கிடைக்கும். அதைவிடச் சின்ன கிராப் சென்சார்னா 100 போதும். சர்வுக்கு ஒரு ஜூம், ரேலிக்கு ஒரு ஜூம். மறந்தா கை வெட்டுப்படும்.

கம்பிவேலி:
எல்லாரும் ஸ்டேடியத்தைப் பத்தியே பேசுறீங்க. ஆரம்பிக்கிறவங்களுக்குக் கிடைப்பது தெருக்கோடி கிளப் கோர்ட்டும் கம்பிவேலியும்தான். வேலியிலிருந்து இரண்டடி தள்ளி நின்னா ஃபோகஸ் கம்பியில்தான் போய் விழும். லென்ஸ் ஹுட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் வளையம்) வேலியோடு ஒட்டி, கண்ணி நடுவில் வெச்சு, எஃப்/2.8 அல்லது 4-ல் எடுத்தால் கம்பி கரைஞ்சு காணாமல் போயிடும். கம்பி மேல் வெயில் அடிச்சா மட்டும் படம் முழுக்க வெளிறும். நிழல் விழுந்த பக்கம் போய் நில்லுங்க.

ராத்திரி லைட்டில் அடுத்தடுத்த மூணு படம்: முதலாவது சரி, இரண்டாவது இருட்டு, மூணாவது பாதி மஞ்சள். அதே ஆள், அதே செட்டிங். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/1000-ல் எந்தப் படம் எந்த இடத்தில் விழுதுன்னு சொல்ல முடியாது. மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கரை ஆன் பண்ணினால் கேமரா வெளிச்சம் உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து எடுக்கும். பர்ஸ்ட் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 500 லக்ஸ் வெளிச்சத்தில் எஃப்/2.8, 1/1000-க்கு ஐஎஸ்ஓ 4000 வேணும். கேமராவோடு வரும் எஃப்/5.6 கிட் லென்ஸில் அது 16000 ஆகும், எஃப் எண் பெரிசானால் திறப்பு சின்னது. அதனால் ராத்திரி கோர்ட்டுக்கு 85 எம்எம் எஃப்/1.8 மாதிரி ஒரு லென்ஸ் உங்க ஜூமைவிட உருப்படியா உழைக்கும்.

கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிடறேன். ஏசி ரூமிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ சென்னைக் காற்றில் கேமராவை நேரா எடுக்காதீங்க. லென்ஸ் முழுக்க நீர் பூத்துடும். துணியால் துடைச்சா திரும்பப் பூக்கும். லென்ஸைக் கழட்டினா சென்சாரிலும் பூக்கும். பை ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வெச்சிருந்து பிறகு எடுங்க. முதல் செட் போனாலும் போகட்டும். வெள்ளை உடை போட்டவங்களை ஆட்டோ மோடில் எடுத்தா முகம் கறுக்கும், உடைக்காகக் கேமரா வெளிச்சத்தைக் குறைச்சுடும். முகத்துக்கு அளந்து மேனுவலில் பூட்டிடுங்க. உடையின் மடிப்பு தெரியுதான்னு ஒரு தடவை பெரிசாக்கிப் பார்த்துக்குங்க.

நெட்போஸ்ட்:
கம்பிவேலி அண்ணா, 1/1000 பகலுக்கும் போதும்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. பந்தின் விட்டம் 6.7 சென்டிமீட்டர். வினாடிக்கு 50 மீட்டர் போகும் பந்து 1/1000-ல் 5 சென்டிமீட்டர் இழுபடும், மஞ்சள் முட்டை மாதிரி வரும். 1/3200-ல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ராத்திரி 1/1000 வைக்கிறது வேற வழி இல்லாததால்.

ஒற்றைக்கை:
எல்லாரும் செட்டிங் சொல்றீங்க, உட்காரும் இடத்தை யாரும் சொல்லலை. வலது கைக்காரரின் பேக்ஹேண்டை (மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கத்தில் அடிப்பது) அவருடைய வலப்பக்கத்திலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். சட்டையின் எழுத்தும் கழுத்தின் பின்புறமும். 2011-லும், 2014 முதல் 2016 வரை தொடர்ந்தும் இதே சென்னையில் சுவிட்சர்லாந்து வீரர் வாவ்ரிங்கா சென்னை ஓபன் பட்டம் வென்றார். அந்த ஒற்றைக்கை பேக்ஹேண்டில் தோள் திரும்பி, கை முழுக்க நீண்டு, கண் பந்தை விட்டு நகராமல் நிற்பது அவருடைய இடப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கோர்ட்டின் நீளவாக்குப் பக்கத்தில் உட்காருங்க. உங்கள் இடது கோடியில் ஆடுபவரின் வலப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். வலது கைக்காரர்னா ஃபோர்ஹேண்டும் சர்வும் மார்பு திறந்து கிடைக்கும். வலது கோடியில் ஆடுபவரிடம் பேக்ஹேண்ட் கிடைக்கும். ஒற்றைப்படை கேம் முடிஞ்சதும் அவர்களே கோடி மாறுவார்கள், நீங்க எழுந்திரிக்கவே வேண்டாம். நடால் மாதிரி இடது கைக்காரர்னா எல்லாம் தலைகீழ். இடம் மாற்றியே ஆகணும்னா அந்தக் கோடி மாறும் இடைவெளியில் மட்டும். புள்ளி நடக்கும்போது ஆட்டக்காரர் பார்வைக்கு எதிரே நடமாடாதீங்க.

நடுப்பகலில் தரை மட்டத்திலிருந்து எதிர்க்கோடியில் இருப்பவரை 300 எம்எம்-ல் எடுத்து, ஃபோகஸ் போயிடுச்சுன்னு லென்ஸைத் திட்டாதீங்க. கோர்ட் மேல் அலையும் சூட்டுக்காற்றுதான் முகத்தைக் கலைக்குது. பக்கத்துக் கோடி ஆட்டக்காரரை எடுங்க, இல்லைன்னா வெயில் தாழும்வரை பொறுங்க. நாலு மணிக்கு மேல் கேலரியின் மேல்வரிசைக்குப் போனால் பின்னணியில் பலகையோ நாற்காலியோ இல்லாமல், தளமும் நீண்ட நிழலும் மட்டும்தான் இருக்கும்.

மூணாவது வரிசை:
இடம் மாத்தியாச்சு, 150-க்கு இறக்கியாச்சு. தூக்கிப் போட்ட கை மடங்கும்போது அழுத்தி 30 சர்வ். நாலில் பந்து மட்டை மேலேயே இருக்கு. ஒண்ணில் பந்து நரம்பில் அமுங்கி ஒரு பக்கம் தட்டையா தெரியுது.

அடுத்த சிக்கல் ஃபோர்ஹேண்டில் வருது. மூணு படத்தில் பந்து சரியா கண்ணுக்கு முன்னால் வந்து முகத்தை மறைக்குது. உட்கார்ந்த இடத்திலிருந்து பேஸ்லைன் பக்கம் ரெண்டடி தள்ளினால் விலகுமா, இல்லை உயரத்தை மாத்தணுமா? ஒற்றைக்கை அண்ணா, நீங்க எந்த உயரத்திலிருந்து எடுக்கிறீங்க?