500 மீட்டர் என்று எப்படித் தெரிந்தது?

வானம்பார்த்தான்: நேற்று 'பழைய பீரங்கி' எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில் இரவுக் காவலின்போது வானத்தில் ஆரஞ்சு நிற உருண்டை ஒன்று "சரியாக 500 மீட்டரில்" பத்து நிமிடம் அசையாமல் நின்றதாம். நின்றது இருக்கட்டும் ஐயா. 500 என்று எப்படித் தெரிந்தது? டேப் பிடித்தீர்களா?

பழைய பீரங்கி: தம்பி, பீரங்கிப் படையில் 22 வருடம். தூரம் கணிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் மொட்டைமாடியில் நிலா பார்க்கிற ஆள்.

நடுவில் ஒருவன்: முதலில் 'அடையாளம் தெரியாத பொருள்' என்றால் வேற்றுக்கிரக வாகனம் என்று அர்த்தமில்லை. அதைத் தெளிவாக்கிவிட்டு...

வானம்பார்த்தான்: அது அப்புறம். 500-க்கு வருவோம். மில் கணக்கு உங்களுக்குத் தெரியாததா? ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலம் தெரிகிற கோணம்தான் ஒரு மில். 3 மீட்டர் நீள ஜீப் 6 மில் தெரிந்தால் தூரம் 500 மீட்டர். ஜீப்பின் நீளம் முன்பே தெரியும், அதனால் விடை வருகிறது. உருண்டையின் அகலத்தை யார் சொன்னது? அதே 6 மில்லுக்கு, உருண்டை 60 மீட்டர் என்றால் 10 கிலோமீட்டர். முழுநிலவே 9 மில்தான்! இரண்டு கண்ணும் பார்க்கிற கோண வித்தியாசத்தில் தூரம் தெரியும் என்பீர்கள்; கண்களுக்கு நடுவில் இருப்பது ஆறரை சென்டிமீட்டர். அதை வைத்து இருட்டு வானத்தில் ஒரு மண்ணும் அளக்க முடியாது.

பழைய பீரங்கி: அனுபவம் என்று ஒன்று உண்டு. ராணுவத்தான் கண் ஏமாறாது.

வானம்பார்த்தான்: லடாக்கில் என்ன நடந்தது? 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை சீன உளவு விமானம் என்று 329 முறை பதிவு செய்தார்கள். அதில் 155 முறை எல்லை தாண்டியதாகக் குறிப்பு வேறு. பெங்களூரிலிருந்து வானியலாளர்களை அழைத்துக் கேட்டால், ஒன்று வியாழன், மற்றது வெள்ளி.

எல்லைச்சாமி: மைனஸ் டிகிரியில் நிற்கிறவனைக் கேலி செய்ய உமக்கு என்ன தகுதி?

வானம்பார்த்தான்: கேலி எங்கே வந்தது? அவர்கள் குறித்து வைத்தார்கள், சந்தேகம் கேட்டார்கள். அது ஒழுங்கான வேலை. இங்கே குறிப்பும் இல்லை, தேதியும் இல்லை. 500 மட்டும் இருக்கிறது.

மாடிவீட்டு மல்லிகா: அமெரிக்காவில் ஜன்னல் வைத்த பறக்கும் கப்பலையே பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்?

வானம்பார்த்தான்: பொய் என்று யார் சொன்னது? 1968 மார்ச் 3 சங்கதி அது. சோவியத் விண்கலம் சோண்ட் 4-ஐ ஏவிய ராக்கெட்டின் துண்டுகள் எரிந்துகொண்டு வரிசையாகப் போயின. சிலருக்கு அது சுருட்டு வடிவக் கப்பல், வரிசையாக ஜன்னல். புள்ளிகளுக்கு நடுவே இருட்டு இருந்தால் மூளை அதில் உடம்பை வரைந்துவிடும். அங்கேயும் தலைக்கு மேலேயே போனதாக உயரம் சொன்னவர்கள் உண்டு, உங்கள் 500 மாதிரி.

எல்லைச்சாமி: போன சந்திர கிரகணத்துக்கு லண்டன் நேரத்தைப் போட்டு எங்களை ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே மாடியேற்றியவர் நீர்தானே? கொசுக்கடி இன்னும் மறக்கவில்லை.

வானம்பார்த்தான்: அன்றைக்கே திருத்திவிட்டேன்.

மாடிவீட்டு மல்லிகா: திருத்தவில்லை, அழித்துவிட்டீர்கள். நானும் மாடியில்தான் நின்றேன்.

வானம்பார்த்தான்: பேச்சை மாற்றாதீர்கள். 500?

பழைய பீரங்கி: சரி, 480 என்றே வைத்துக்கொள்ளும்.

வானம்பார்த்தான்: 480 எப்படித் தெரிந்தது?

நடுவில் ஒருவன்: 'அடையாளம் தெரியாத' என்ற சொல்லுக்கு...

எல்லைச்சாமி: நீர் சும்மா இரும். அழித்த பதிவின் படம் என்னிடம் இருக்கிறது, போடட்டுமா?