ஹேக்ஆர்எஃப்: 433-இல் பளிச், 5.8 கிகா ஹெர்ட்ஸில் சிக்னலே தெரியவில்லை

கேள்வி:
வணக்கம். ஹேக்ஆர்எஃப் ஒன்னில் (கணினியோடு இணைத்து ரேடியோ சிக்னல் அனுப்பவும் வாங்கவும் உதவும் போர்டு) ஜிஎன்யு ரேடியோ மென்பொருள் மூலம் ஒரு சைன் அலை அனுப்பி, மேசையின் மறுமுனையில் இன்னொரு ஹேக்ஆர்எஃப்பில் வாங்கிப் பார்க்கிறேன். 433 மெகா ஹெர்ட்ஸில் வாட்டர்ஃபாலில் (அலைவரிசைகளின் சிக்னல் பலத்தை நேரத்தோடு காட்டும் படம்) கோடு பளிச்சென்று விழுகிறது. 2.4 கிகாவில் மங்கல், 5.8-இல் இரைச்சலுக்குள் தேட வேண்டியிருக்கிறது. கெயின் (பெருக்க அளவு), ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) எதையும் மாற்றவில்லை. இரண்டு பக்கமும் ஏஎன்டி500 ஆன்டனா, அனுப்பும் பக்கம் மூன்று மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். போர்டு போய்விட்டதா?

பதில் 1:
போர்டைச் சந்தேகிக்கும் முன் ஆன்டனாவைப் பாருங்கள். ஏஎன்டி500 என்பது 75 மெகாவிலிருந்து 1 கிகா வரைக்கும்தான். 5.8-இல் கால் அலைநீளம் 13 மில்லிமீட்டர், அந்தக் கம்பியோ முழுக்க மடக்கினாலும் 20 சென்டிமீட்டர் இருக்கும். அடுத்தது கேபிள். ஆர்ஜி-58 2.4 கிகாவிலேயே மீட்டருக்குச் சுமார் 1 டிபி (டெசிபல்) சிக்னலைத் தின்றுவிடும், மேலே போகப் போக இன்னும் மோசம். அதைக் கழற்றிவிட்டு, 5.8-க்கென்றே விற்கும் சின்ன ஆன்டனாவை நேரடியாகப் போர்டின் எஸ்எம்ஏ இணைப்பியில் மாட்டிப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அதெல்லாம் மாற்றினாலும் 433 அளவுக்கு வராது. கெயின் ஸ்லைடரில் இருக்கும் எண் டிபிஎம் (1 மில்லிவாட்டை 0-ஆக வைத்து டெசிபலில் சொல்லும் பவர் அளவு) கிடையாது, அதே எண்ணுக்கு ஒவ்வொரு அலைவரிசையிலும் வெளியே வரும் பவர் வேறு. ஹேக்ஆர்எஃப்பின் ஆவணத்திலேயே இருக்கிறது: 2150 மெகா வரை 5 முதல் 15 டிபிஎம், 2150-2750-இல் 13 முதல் 15, அப்புறம் 4 கிகா வரை 0 முதல் 5, அதற்கு மேல் -10 முதல் 0 தான். இதோடு, ஒரே கெயின் (சிக்னலை ஒரு திசையில் குவிக்கும் திறன்) உள்ள ஆன்டனாக்களாக இருந்தாலும் 433-இலிருந்து 5800-க்குப் போனால் வாங்கும் பவர் 22 டிபிக்கு மேல் குறையும், ஏனென்றால் அலைநீளம் குறையக் குறைய ஆன்டனா அள்ளும் பரப்பும் சுருங்குகிறது. இன்னொன்று, போர்டின் கடிகாரம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) பிசகினாலே 5.8-இல் கோடு 58 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். சின்ன ஸ்பானில் (திரையில் காட்டும் அலைவரிசை அகலம்) பார்த்தால் கண்ணிலேயே படாது, அகலப்படுத்தித் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, தள்ளி நிற்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆன்டனாவே இல்லாமல் இரண்டையும் கேபிளில் நேரடியாக இணைத்துச் சோதிக்கலாமா?

பதில் 2:
வெறும் கேபிளில் மட்டும் வேண்டவே வேண்டாம்! வாங்கும் பக்கம் தாங்குவது அதிகபட்சம் -5 டிபிஎம், 2.4-இல் வெளியே வருவதோ 15 வரை, முன்னால் இருக்கும் ஆம்ப் (பெருக்கி) செத்துவிடும். நடுவில் 30 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) போடுங்கள். வாங்கும்போது 6 கிகா வரைக்குமானதா என்று மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், 3 கிகாவோடு நிற்கும் உருப்படிகளும் விற்கிறார்கள், அதைப் போட்டால் திரும்ப இதே குழப்பம்தான்.